சர்வர் எழும் வரைக்கும்

ஐந்தாம் மாதத்தில் பொன்னேரி டாக்டரம்மா என்னைப் படுத்துக்கொள்ளச் சொன்னார்.

"குழந்தை நல்லா இருக்கு. கர்ப்பப்பை வாய்தான் பலவீனமா இருக்கு. தையல் போட்டாச்சு. இனிமே நடக்கிறதுன்னா பாத்ரூமுக்கு மட்டும். மாடிப்படி கூடவே கூடாது" என்றார்.

"எத்தினி நாளைக்கு மேடம்?" என்று என் கணவர் கேட்டார்.

"குழந்தை வெளிய வர்ற வரைக்கும்."

அவர் தலையாட்டினார். எனக்கு இதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆட்டோவில் திரும்பும்போது அவர் என் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரிடம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பழவேற்காடு பாலம் ஏறியபோது டிரைவர் பொறுமை இழந்து, "இதுக்கு மேல மெதுவான்னா தள்ளிகினுதான்ணா போவணும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். கணவர் சிரிக்கவில்லை.

எங்கள் வீடு லைட்ஹவுஸ் குப்பத்தில், கடலைப் பார்த்த வரிசையில் இருக்கிறது. ஓர் அறை, சமையலறை, மேலே தளம், வெளிப்பக்கமாகக் கைப்பிடி இல்லாத படிக்கட்டு. கணவர் தன் அண்ணனோடு ஃபைபர் போட்டில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். நான் கம்ப்யூட்டரில் ஜாவா எழுதுகிறவள். பொன்னேரியில் காலேஜ் முடித்து, சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்து, பஸ்ஸும் ரயிலுமாக தினமும் அலைந்துகொண்டிருந்தேன். கொரோனா வந்து ஆபீஸை மூடினார்கள். திரும்பத் திறந்தபோது, தூரத்தில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரையும் விடத் தூரத்தில் இருந்தவள் நான்தான்.

எங்கள் டீமை நடத்துகிறவர் ஓர் அம்மா. ஐம்பதை நெருங்குகிறவர், தனியாக வசிக்கிறவர். ஆபீஸில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், ஆனால் அவர் குரல் உயர்ந்தால் நடுங்குவார்கள். எனக்கு நாக்கு வராது. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். டாக்டர் சொன்னதை அவரிடம் போனில் சொன்னேன்.

"லீவு எடுத்துக்கோம்மா. மேல நான் பேசிக்கறேன்" என்றார்.

"வேணாங்க்கா. சும்மா படுத்துக் கெடந்தா எனக்கு என்னென்னமோ நெனப்பு வரும்."

"சரி. அவசரமில்லாத வேலையா தர்றேன். ஆனா முடியலன்னா முடியலன்னு சொல்லணும். வீம்பு கூடாது" என்றார்.

அப்படி எனக்கு வந்தது கல்யாண மண்டபங்களை முன்பதிவு செய்யும் ஒரு அப்ளிகேஷன். பழையது. பல மண்டபங்கள் பயன்படுத்துகின்றன. மாப்பிள்ளை பெயர் போடாமலேயே கல்யாணம் பதிவாகிவிடுகிறது, ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டார் வந்து நிற்கிறார்கள், தேதிப் பெட்டி போனில் சரியாகத் திறப்பதில்லை என்று சில்லறைக் கோளாறுகள். படுத்த வாக்கில் வயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டு, அதில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் அவற்றைத் திருத்த வேண்டும்.

திருத்துவது கஷ்டமில்லை. திருத்தியது சரியா என்று பார்ப்பதுதான் கஷ்டம். ஒரு வரியை மாற்றினால்கூட அந்த அப்ளிகேஷன் முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டும். கட்டியதை ஒரே மூட்டையாக்கி, என் லேப்டாப்பிலேயே ஓடும் சோதனை சர்வரிடம் கொடுக்க வேண்டும். அதற்கு ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தி, பழையதைத் தூக்கிப் போட்டு, புது மூட்டையை அவிழ்த்து, மறுபடி கிளப்ப வேண்டும். அது எழும்போது சும்மா எழாது. எல்லா மண்டபங்களின் எல்லா முகூர்த்தங்களையும், சாப்பாட்டுக் கூடத்தின் படங்கள் உட்பட, மனப்பாடம் செய்துவிட்டுத்தான் கண் திறக்கும். திறந்த பிறகு நான் மறுபடி லாகின் செய்து, ஒரு கற்பனைக் கல்யாணத்துக்கு எல்லா விவரமும் நிரப்பி, நான்காவது பக்கத்துக்குப் போனால்தான் நான் மாற்றிய அந்த ஒரு வரி தெரியும். அதில் ஒரு புள்ளி தப்பாக இருந்தால் எல்லாம் முதலிலிருந்து.

இந்த வேலைக்கு ரீடெப்ளாய் என்று பேர். ஆபீஸில் இது யாருக்கும் உறைத்ததில்லை. ரீடெப்ளாய் போட்டுவிட்டு எழுந்து டீக்குப் போவார்கள், கிரிக்கெட் பேசுவார்கள், திரும்பி வந்தால் சர்வர் எழுந்திருக்கும். நான் எழுந்து போக முடியாது. திரையில் எழுத்துகள் மேலே ஓடுவதைப் பார்த்தபடி படுத்திருப்பேன். கை தானாக வயிற்றின் மேல் போகும். இப்போது அசைந்ததா? அது குழந்தையா, காலையில் குடித்த கஞ்சியா? போன முறையும் இப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. எந்த நினைப்புக்குப் பயந்து நான் லீவு வேண்டாம் என்றேனோ, அது ஒவ்வொரு ரீடெப்ளாயின் போதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு தொல்லை சிக்னல். எங்கள் வீட்டுக்குள் போன் பேசவே ஜன்னலோரம் போக வேண்டும். நெட் வேண்டுமென்றால் மொட்டை மாடிதான். முன்பெல்லாம் நான் மாடியில் ஒரு துணிப் பந்தல் போட்டு அங்கேயே உட்கார்ந்து வேலை செய்வேன். இப்போது படி ஏறக் கூடாது. அந்த அப்ளிகேஷனோ, ஒவ்வொரு முறை கட்டும்போதும் தனக்கு வேண்டிய லைப்ரரிகளில், அதாவது வேறு யாரோ எழுதி வைத்த துணை நிரல்களில், புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று நெட்டில் போய்க் கேட்கும். பதில் வராவிட்டால் அப்படியே நிற்கும்.

என் கணவர் ஆழத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தார். கரையோரமாக நண்டு வலை போட்டு எடுத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவார். வந்து குளித்து, சாப்பிட்டுவிட்டு, என் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நண்டு கடித்த வலையைச் சரி செய்வார். நான் கீழிருந்து குரல் கொடுப்பேன்.

"போடறேன்யா."

"போடு போடு. சிக்னலு மூணு கோடு கீது."

அப்புறம் இரண்டு பேரும் காத்திருப்போம். அவர் மேலே, நான் கீழே.

"வந்துச்சாமே?"

"இன்னும் இல்ல. ஓடிகினு கீது."

"இப்போ?"

"பக்கம் வந்துச்சி. தப்பு. மறுபடியும் போடணும்."

"போடு. எனக்கு இன்னா வேல."

சாப்பாடு கொண்டுவரும் என் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஊட்டுக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணா கத்திகினு கீதுங்க, ஊரே கேக்குது" என்று அலுத்துக்கொள்வாள். ஊர் கேட்கத்தான் செய்தது. எதிர் மணலில் மீன் காயப்போடும் பெண்கள், "இன்னா, உன் கல்யாணம் வந்துச்சா?" என்று ஜன்னல் வழியாக விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் குரல் கொடுத்தேன். பதில் இல்லை. அப்ளிகேஷன் கட்டுவது பாதியில் நின்றிருந்தது. இன்னொரு முறை கூப்பிட்டேன். கடல் சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்குக் காற்றும் இல்லை, வெயில் தகித்தது. விடியலுக்கு முன்பே எழுந்து கடலுக்குப் போய் வந்தவர். மாடியில் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். எழுந்து வெளியே வந்து படிக்கட்டின் கீழே நின்றேன். ஒரு காலைத் தூக்கி முதல் படியில் வைத்தேன். வைத்தபடியே நின்றுவிட்டேன். மேலே போகவும் முடியாது, உள்ளே போய்ப் படுக்கவும் முடியாது. அந்தப் படியில் நின்று அவரை மூன்றாவது முறை கூப்பிட்டபோது என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

அவர் வேகமாக எட்டிப் பார்த்தார். துணிப் பந்தலின் நிழலில் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார். போன் வெயிலில் சூடேறி அணைந்து போயிருந்தது. நான் நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார்.

"எதுக்கு எழுந்த?"

"நீ பேசல."

"தூங்கிட்டேன். அதுக்கு எழுந்து வந்துருவியா? படியில வேற கால வச்சிகினு நிக்கிற."

"ஏறல. வச்சேன், அவ்ளோதான்."

அவர் என்னை உள்ளே கூட்டி வந்து படுக்க வைத்தார். காலடியில் உட்கார்ந்தார். கழுத்தின் பின்புறம் வெயிலில் தோல் உரிந்திருந்தது. கடலில் இத்தனை வருஷம் காய்ந்தவருக்கு உரியாத தோல், என் ரீடெப்ளாய்க்காக மாடியில் உட்கார்ந்து உரிந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. "தேங்காண்ணெ தடவிக்கோயா" என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அக்காவிடம் கேட்டேன். "ஏங்க்கா, ஒவ்வொரு தடவையும் அது நெட்டுக்குப் போய்த்தான் ஆகணுமா?"

"எதுக்கு? லைப்ரரி எல்லாம் உன் மெஷின்லயே இருக்கே. ஆஃப்லைன்ல கட்டச் சொல்லு. ஏன், இவ்வளவு நாளா நெட்லயா கட்டிட்டு இருந்த?"

"இருக்கிறபடியே ஓட்டினேன்க்கா. நீங்கல்லாம் அப்படித்தான் ஓட்டறீங்கன்னு நெனச்சேன்."

அவர் சிரித்தார். "நாங்களும் அப்படித்தான் ஓட்டறோம். இங்க நெட் வேகமா இருக்கிறதால தெரியல." பிறகு, "அங்கிருந்து ஆரம்பி. எங்கெங்க நேரம் போகுதுன்னு ஒவ்வொண்ணா பாரு. மண்டபத்துக்காரன் காத்திருப்பான், பரவாயில்ல" என்றார்.

மறுநாள் கணவர் வழக்கம்போல் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"மேல போவ வேணாம். இங்கயே குந்து" என்றேன்.

நெட் இல்லாமலேயே கட்டுமானம் ஓடி முடிந்தது. அவர் திரையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "அப்போ நான் எதுக்கு இத்தினி நாளா மேல குந்திகினு இருந்தேன்?"

"தெரியாமதான்."

"நல்லா இருக்குதுமே உன் படிப்பு" என்று சொல்லிவிட்டு, வலையை எடுத்து வந்து அறைக்குள்ளேயே, என் கட்டிலோரமாக உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு அந்த இடம் அவருடையதாகிவிட்டது. அறை முழுவதும் நண்டு வாசனை. எனக்கு அந்த மாதங்களில் குமட்டாத ஒரே வாசனை அதுதான்.

அடுத்ததாக மூட்டை கட்டுவதை நிறுத்தினேன். சர்வருக்கு மூட்டையாகத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. என் வேலை நடக்கும் ஃபோல்டரையே காட்டி, இங்கிருந்து எடுத்துக்கொள் என்று சொன்னால் எடுத்துக்கொள்ளும். அப்படிச் செய்ததும் பக்கங்களில் செய்யும் மாற்றத்துக்கு சர்வரை நிறுத்தவே தேவையில்லாமல் போனது. பக்கத்தைப் புதுப்பித்தால் போதும். பிறகு அந்த மனப்பாடம். என் மெஷினில் ஓடும்போது ஒரே ஒரு மண்டபத்தை மட்டும் படித்தால் போதும் என்று ஓர் அமைப்பை வைத்தேன். குறைவாகக் கல்யாணம் நடக்கும் மண்டபமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். சர்வர் இப்போது நான் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை வைப்பதற்குள் எழுந்தது.

கணவருக்கு இதில் ஆர்வம் வந்துவிட்டது. "மொதல்ல எழுதினவரு ஏன் இப்படி எழுதி வச்சாரு?" என்று கேட்டார்.

"தெரியல. அவரு இப்போ கம்பெனியிலயே இல்ல."

"பாவம். அவரும் காத்துகினுதான் இருந்திருப்பாரு."

பேர் தெரியாத அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபம் அத்தோடு போயிற்று.

மிச்சமிருந்தது ஜாவாப் பகுதி. சர்வரை, கோளாறு தேடுவதற்கென்று இருக்கும் டிபக் முறையில் ஓடவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வேலையைச் செய்யும் வரிகளை மட்டும் மாற்றி உள்ளே செருக முடியும். காலேஜில் ஒரு வரியாகப் படித்திருக்கிறேன். யாரும் செய்து பார்த்ததில்லை. ஒரு காலைவேளையில், மாப்பிள்ளை பெயர் இல்லாவிட்டால் வரும் எச்சரிக்கையை மாற்றி எழுதி, சேமித்து, செருகினேன். சர்வர் நிற்கவில்லை. லாகின் போகவில்லை. நிரப்பி வைத்த கற்பனைக் கல்யாணம் அப்படியே இருந்தது. பொத்தானை அழுத்தினேன். புது வாசகம் வந்து நின்றது.

கை வயிற்றுக்குப் போக நேரமே இருக்கவில்லை.

"யோவ், இங்க பாரேன்."

அவர் வலையை விட்டு எழுந்து வந்தார். நான் எச்சரிக்கை வாசகத்தை அழித்துவிட்டு, "மாப்ள எங்கயா?" என்று எழுதிச் செருகிக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னொரு தபா" என்றார். பிறகு தானே எழுதுவேன் என்று உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். எனக்குத் தெரியக் கூடாது என்று திரையைச் சாய்த்து வைத்துக்கொண்டார். முடித்ததும் என் பக்கம் திருப்பினார். நான் செருகி, பொத்தானை அழுத்தினேன். 'நைனா' என்று வந்தது.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அதை எழுத்தில் பார்க்க விரும்பியிருக்கிறார். அதுவரை அவர் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. துணி வாங்கவில்லை, பேர் யோசிக்கவில்லை, பேசினால் போய்விடும் என்பதுபோல் இருந்தார். திரையை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு நான் சர்வரை நிறுத்தாமல் வெகுநேரம் அப்படியே ஓடவிட்டேன். அனுப்புவதற்கு முன் மறக்காமல் அழித்தேன். மறந்திருந்தால் எத்தனையோ மண்டபங்களில் மாப்பிள்ளை பெயர் கேட்கும் இடத்தில் நைனா என்று வந்திருக்கும்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. புதிதாக ஏதாவது சேர்த்தால் இப்படிச் செருக முடியாது. அப்ளிகேஷனை மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும். அப்படிச் சில முறை ஏற்றினால் மெமரி நிறைந்து லேப்டாப் மூச்சு முட்டி நின்றுவிடும். பழைய அப்ளிகேஷன் போகாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. யார் அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அதைத் தேடுவதில் எனக்கு வெறி பிடித்துவிட்டது. ஏழாம் மாதம் முடியப்போகும் சமயம். காலையில் ஆரம்பித்தால் அம்மா சாப்பாட்டுத் தட்டைக் கையில் திணிக்கும் வரை நிமிர மாட்டேன்.

அப்படி ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, குழந்தை எப்போது அசைந்தது என்று யோசித்தேன். நினைவில்லை. காலையில் அசைந்ததா? தெரியவில்லை. முன்பு ஒவ்வொரு காத்திருப்பிலும் கை வயிற்றில் இருந்தது. பயத்தோடு என்றாலும் எனக்கு அதன் ஒவ்வொரு புரளலும் தெரிந்திருந்தது. காத்திருப்பு போனபோது அதுவும் சேர்ந்து போயிருந்தது. கையை வைத்துப் படுத்தேன். பக்கம் மாறிப் படுத்தேன். வயிறு கல்லாக இருந்தது.

"யோவ்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய் ஆட்டோவோடு வந்தார்.

இந்த முறை அவர் டிரைவரிடம் மெதுவா என்று சொல்லவில்லை. வேகமா என்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்தபடியே வந்தார். தண்ணீர் வற்றி, சேறு பளபளத்துக் கிடந்தது. நான் மனதில் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொள்ளும் நிலையைத் தாண்டியிருந்தேன்.

டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்தார். முதலில் கரகரவென்று ஒரு சத்தம். இடத்தை மாற்றினார். மறுபடி கரகரப்பு. மூன்றாவது இடத்தில், குதிரை ஓடுவதுபோல் அந்தச் சத்தம் அறை முழுவதும் கேட்டது. என் கணவர் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தூங்கிட்டு இருந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. "அதுக்கும் அலுப்பு இருக்காதா? நீ வேலையெல்லாம் பாரு, வேணாங்கல. சாப்பிட்டதும் மட்டும் எல்லாத்தையும் மூடி வச்சிட்டு, இடது பக்கமா படுத்து, கைய வச்சிட்டு இரு. அசையற வரைக்கும் வேற எதுவும் வேணாம்." பிறகு தரையில் இருந்தவரைப் பார்த்து, "உங்களுக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் பின் நான் லேப்டாப்பை மூடினேன். அவரும் வலையை ஓரம் வைத்துவிடுவார். முதலில் என் கை மட்டும் இருக்கும். பிறகு அவருடையதும் வரும். வலை பின்னிக் காய்த்த கை. லேசாகத்தான் வைப்பார். குழந்தை உதைத்தால் சுட்டதுபோல் எடுத்துவிடுவார், திரும்ப வைப்பார். பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது இருவருக்குமாகப் பிரிந்திருந்தது.

மெமரியைப் பிடித்து வைத்திருந்தது யார் என்பதும் அடுத்த வாரம் தெரிந்தது. நான் ஜன்னலோரம் போனை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும், அக்கா அந்தப் பக்கமுமாக ஒரு முழுக் காலை தேடினோம். கல்யாணத்துக்கு முந்தைய நாள் இரு வீட்டாருக்கும் நினைவூட்டு மெசேஜ் அனுப்பும் ஒரு சின்னப் பகுதி. அப்ளிகேஷன் எழும்போது அதைக் கிளப்புகிறார்கள், போகும்போது நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை. அதனால் ஒவ்வொரு பழைய அப்ளிகேஷனுக்குள்ளும் அது விழித்தபடி, யாருக்கோ நினைவூட்டக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதை நிறுத்த மூன்று வரி எழுதினேன். அன்று முழுவதும் எத்தனை முறை ஏற்றினாலும் லேப்டாப் அசரவில்லை.

அக்கா என்னிடம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி அனுப்பச் சொல்லி டீமுக்குக் கொடுத்தார். சில நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"இங்க பசங்க உன் மேல கோவமா இருக்காங்க."

"ஏங்க்கா, ஏதாவது ஒடஞ்சி போச்சா?"

"ஒண்ணும் ஒடயல. ரீடெப்ளாய் போட்டுட்டு டீக்குப் போவாங்க இல்ல, இப்ப எழுந்திருக்கறதுக்குள்ள முடிஞ்சிடுதாம். டீ குடிக்க வேற காரணம் தேடிட்டு இருக்காங்க."

பெண் குழந்தை. கொஞ்சம் முன்னதாகவே பிறந்தாள், ஆனால் அழுத அழுகையில் அதைப் பற்றி யாருக்கும் கவலை வரவில்லை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கணவரிடம் நீட்டியபோது, கையில் மீன் வாசனை இருக்கும் என்று சொல்லி அவர் ஓடிப்போய் இன்னொரு முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாராம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது மயக்கம் தெளியாமல் இருந்தேன்.

குழந்தை குப்புற விழ ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்களைப் பார்க்க வந்தார். பொன்னேரி வரை ரயில், அப்புறம் பஸ், அப்புறம் ஆட்டோ. இத்தனை நாள் பேசியும் என் கணவர் அவரைப் பார்த்ததில்லை. வாசலில் வந்து நின்றவர் ஒல்லியாக, குள்ளமாக இருந்தார், பெரிய கண்ணாடி போட்டிருந்தார். "இவங்களா?" என்று என் கணவர் என் காதில் கேட்டார். போனில் அந்தக் குரலைக் கேட்டு அவர் ஆறடி ஆளை எதிர்பார்த்திருந்தார்.

அக்கா வந்ததும் ஒன்றும் கேட்காமல் படியேறி மாடிக்குப் போனார். கடலைப் பார்த்தார். போனை எடுத்துப் பார்த்தார். "மூணு கோடு இருக்கே" என்றார். என் கணவர் ரொம்பப் பெருமையாக, "நாலு கூட வரும் மேடம், காலையில" என்றார்.

நண்டுக் குழம்பும் இறால் தொக்கும் செய்திருந்தேன். அக்காவுக்கு நண்டு உடைக்கத் தெரியவில்லை. என் கணவர் உடைத்து உடைத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அக்கா ஒன்று விடாமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் பாயில் கிடந்த குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அக்காவின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். கழற்றிக் கொடுத்துவிட்டார். அது வாய்க்குப் போயிற்று.

"ஐயோ, புடுங்கிக்கோங்கக்கா."

"இருக்கட்டும், வீட்ல இன்னொண்ணு இருக்கு" என்றார். "பகல்ல நான் படுக்கிற ஆளே இல்ல. கொஞ்சம் சாயறேன்."

நான் சமையலறையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால், அக்கா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். குழந்தையும் தூங்கியிருந்தாள். அவள் ஒரு கால் அக்காவின் வயிற்றின் மேல் கிடந்தது. எங்கள் ஆபீஸையே நடுங்க வைக்கிற மனுஷி, குழந்தையின் எச்சில் பட்ட கண்ணாடி தலைமாட்டில் கிடக்க, புடவை கசங்க, அப்படித் தூங்குவதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

கணவர் வெளியே வேப்ப மர நிழலில் உட்கார்ந்து அக்காவுக்குக் கொடுத்தனுப்ப இறால் உரித்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் உட்கார்ந்து, உரிக்க ஒரு கை இறால் எடுத்தேன்.

"எழுப்பணுமா? பஸ்ஸு போயிரும்" என்றேன்.

அவர் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "தூங்கட்டும்மே. பஸ்ஸு போனா நானே வண்டியில கொண்டுபோய் ரயில் ஏத்திட்டு வரேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, தோல் போட்டிருந்த அலுமினியச் சட்டியைச் சத்தமில்லாமல் என் பக்கம் நகர்த்தினார்.